கூட்டுப் பட்டாவில் ஒரு நாற்காலி

போன மழையில் எங்கள் மண்சுவர் இடிந்து, மகள் அப்போதுதான் எழுந்துபோன கட்டிலின் மேல் விழுந்தது. அந்த நடுக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அடுத்த மழைக்குள், பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான கூட்டுப் பட்டா நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டியாக வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியப்பா மட்டும் நாற்காலியோடு வந்தார்.

காதெல்லாம் முடி. எங்கே போனாலும் தோளில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டதும், சரியாக நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோட்டைக் கிழக்கே தள்ளினோம். நாற்காலியும் கிழக்கே வந்தது.

“எங்க கோடு போட்டாலும் உங்க பங்குதானா, பெரியப்பா?”

“இன்னா நைனா, படிச்சவன் கேக்கற கேள்வியா இது? கூட்டு நெலம். எல்லா எடமும் எல்லாருதும்தான்.”

“அப்ப நான் வீடே கட்டக் கூடாதா?”

“தாராளமா கட்டு. நான் வாணாம்னா சொன்னேன்? சொம்மா குந்திக்கினு கீறேன்.”

அவரைச் சுற்றியே சுவர் எழும்பியது.

குடிபோன பின் வந்த முதல் பெருமழையன்று நான் புதுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நனைந்தபடி உள்ளே வந்தார். மகளின் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்தார்.

“இந்தச் செவுரு என் பங்கு. நான் பாத்துக்கறேன். நீ போய் டீ வை.”

விளையாடுகிறாரா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. போய் டீ வைத்தேன்.