புது மூட்டுக்குத் தகடு எதற்கு?

திருக்கழுக்குன்றம் மலைக்கு உச்சிவேளையில் சோறு தின்ன வரும் கழுகுகள், மெக்கானிக் கிஃபாயத்துல்லாவுக்குக் கோபம் வந்த நாளில் மட்டும் அரைமணி நேரம் தாமதமாக வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கடிகாரம் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அவருடைய தகரக் கொட்டகையில் ஸ்பேனர் பறக்கும் சத்தம் மலை உச்சிவரை கேட்டது மட்டும் நிஜம்.

குடை ரிப்பேர்க்காரரின் மகன் அவர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லைச் சேற்றில் மூன்று வருஷம் ஜீப்புகளுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தியவர். வானத்தைப் பார்த்ததைவிட ஜீப்பின் வயிற்றைப் பார்த்த நாள்தான் அதிகம். வேலை நேரத்தில் யோசனை சொல்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. திருக்கழுக்குன்றத்திலோ யோசனை சொல்லத் தெரியாதவர் அதுவரை பிறக்கவே இல்லை.

ஐம்பத்து மூன்றில் ராணுவ ஏலத்தில் ஒரு கிழட்டு ஜீப்பை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். மனைவி சம்சாத் பேகம் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது? மேல கூரை இல்ல, பக்கத்துல கதவு இல்ல. குளிச்சிகினு கீறவன் பாதியில எழுந்து வந்தாப்பல நிக்குது."

"நாலு சக்கரமும் இழுக்கும் சம்சாத்து. சேறு, மணலு எதுன்னாலும் போவும்."

அவளுடைய தம்பி ஹமீது எதிர்வீட்டுக்காரன். ஒரு மாட்டுவண்டியும் இரண்டு காளைகளும் வைத்து ஊருக்கெல்லாம் பாரம் ஏற்றுகிறவன். அவன் சும்மா இருப்பானா? "உங்க வண்டில நாலு சக்கரம் இழுக்குது மச்சான். என் வண்டில எட்டு காலு இழுக்குது. எது பெருசு?" என்றான். அன்று கழுகு வர ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.

மூன்று வருஷம் கழித்து மகள் உம்மு சல்மாவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு சதுரங்கப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம், கடலோரச் சவுக்குத் தோப்பில். வழியில் வரும் கால்வாயைத் தாண்டினால் பாதையே கிடையாது, முழங்கால் மணல்தான். "இந்த மணல்ல பொண்ண எப்படிக் கூட்டியாருவீங்க?" என்று சம்பந்தியம்மா பதருன்னிசா கேட்டுவிட்டாள். கிஃபாயத்துல்லா சபை நடுவே எழுந்து நின்றார்.

"என் ஜீப்புல, உங்க வூட்டு வாசல் வரைக்கும். ஒரு பொட்டு மணலு எம்பொண்ணு கால்ல படாது."

"பட்டுச்சுன்னா?" என்று பின்வரிசையிலிருந்து ஹமீது குரல் கொடுத்தான்.

"பட்டுச்சுன்னா ஜீப்ப பழைய இரும்புக்குப் போட்டுட்டு, உன் மாட்டுக்கு வால் முறுக்க வரேன்டா!"

சொன்ன சொல் சபையில் விழுந்துவிட்டது. இனிப் பொறுக்கி எடுக்க முடியாது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மணலில் ஓட்டிப் பார்க்கப் போனார். நேராகப் போகிறவரை ஜீப்பு சமர்த்தாகத்தான் இருந்தது. திருப்பினதுதான் தாமதம், முன்பக்கத்தில் 'டக் டக்' என்று முழங்கால் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்டீரிங் கையிலிருந்து துள்ளியது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த ஜாதி வண்டியில் முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதற்காக முன் ஆக்சிலின் இரு முனையிலும், நம் தோளில் இருப்பது போல, ஒரு மூட்டு. அதற்குள்ளே எஃகுக் குண்டுகள். குண்டு உருளும் பள்ளம் பர்மாச் சேற்றிலேயே தேய்ந்துபோயிருந்தது.

மதராஸுக்குப் போய் மூன்று நாள் அலைந்தார். முதல் கடையில் ஒரு பக்கத்து மூட்டுதான் கிடைத்தது. இரண்டாவது கடையில் கொடுத்தது வேறு ஜாதி மூட்டு. மூன்றாவது கடைக்காரர், இரண்டு பக்கத்து மூட்டுகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜீப்பை எதற்கு ரிப்பேர் செய்கிறீர், ஒரு மாட்டுவண்டி வாங்கிக்கொள்ளும் என்று இலவசமாக யோசனை சொன்னார். கிஃபாயத்துல்லா பல்லைக் கடித்த சத்தத்தில் கடையின் நாய் எழுந்து ஓடிவிட்டது.

திரும்பி வந்து முன்பக்கத்தைக் கட்டைமேல் ஏற்றி, சக்கரம் கழற்றி, ஆக்சிலை உருவி, மூட்டுகளை மாற்றினார். சக்கரத்தைத் திருப்பும் குமிழுக்கு மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி. மூடிக்கு அடியில் காகிதம் போல் மெல்லிய வட்டத் தகடுகள். தகடு கூடினால் சக்கரம் ஆடும். குறைந்தால் திருப்ப முடியாமல் இறுகும். ஆகவே ஒவ்வொன்றையும் எண்ணிப் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார்.

இதற்குள் கொட்டகையைச் சுற்றிப் பாதி ஊர் கூடிவிட்டது. "அண்ணாத்த, அந்தக் குண்டுல கொஞ்சம் வெளக்கெண்ணெ வுடு" என்றான் தனகோடி. "அதெல்லாம் வேணாம், ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாட்டு, தேய்மானம் சரியாப்பூடும்" என்றார் முத்துசாமி. இவர் தவிடு வியாபாரி. ஜீப்பில் ஏறியதுகூடக் கிடையாது.

"எல்லாரும் போய் அவங்கவங்க வூட்டு வேலையப் பாருங்கய்யா! பேஜாரு புடிச்சவங்களா!"

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா தொழுகைக்குப் பின் பள்ளிவாசலிலேயே நிக்காஹ். காலை பத்து மணிக்கு வலது பக்கம் முடிந்திருந்தது. இடது பக்கம் மூடி போட்டுச் சக்கரம் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. "இன்னாங்க, பொண்ணுக்கு அத்தாவா, இல்ல கரி மூட்டையா? போய்க் குளிங்க!" என்று சம்சாத் பேகம் விரட்டினாள். அவர் நாவிதரிடம் போய், குளித்து, அத்தர் பூசித் திரும்பினால், ஜீப்பு நாலு காலில் தரையில் நிற்கிறது. பக்கத்தில் ஹமீது, கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் மாட்டிட்டேன் மச்சான். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

கிஃபாயத்துல்லா குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தார். சரியாக இருந்தது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஒரு நூல் அசையவில்லை. அந்த ஜீப்பின் வாழ்நாளிலேயே அப்படி அசையாமல் நின்றதில்லை. "பரவால்லடா, உனக்கும் வேல தெரியுது" என்றார். அந்த ஒரு பாராட்டுக்காகக் கடைசிவரை அவர் தம்மை மன்னித்துக்கொள்ளவே இல்லை.

நிக்காஹ் முடிந்து, அழுகை முடிந்து, உம்மு சல்மா பட்டுத் துணி விரித்த முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் சம்சாத் பேகம். மாப்பிள்ளையும் அவர் வீட்டு ஆண்களும் விருந்து முடித்து இரவுதான் கிளம்புவதாக ஏற்பாடு. சீர் சாமான் ஏற்றிய ஹமீதின் வண்டி எதிரே தெருவோரம் காத்து நின்றது. கிஃபாயத்துல்லா கியரைப் போட்டார். ஜீப்பு வாசலிலிருந்து நேராகக் கிளம்பியது. தெருவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் திருப்பினார். ஸ்டீரிங் திரும்பவில்லை. இரண்டு கையும் போட்டார். எழுந்து நின்று இழுத்தார். புதுச் சட்டை அக்குளில் கிழிந்ததே தவிர சக்கரம் இம்மியும் அசையவில்லை. ஜீப்பு மிக மரியாதையாகத் தெருவைக் கடந்து ஹமீதின் வைக்கோல் போரில் மூக்கை நுழைத்து நின்றது.

"மச்சான், மாட்டுத் தீனியில எதுக்கு வுட்டீங்க?"

கிஃபாயத்துல்லா கிழிந்த புதுச் சட்டையோடே தரையில் படுத்து, ஜாக்கி போட்டார். மகளை இறங்கச் சொல்லவும் வழியில்லை. வாசல் தாண்டிய பெண் மறுபடி கீழே கால் வைத்தால் சகுனம் சரியில்லை என்று மனைவி கண்டித்துச் சொல்லிவிட்டாள். சக்கரத்தை உருவி மேல்மூடியைத் திறந்தார். ஒற்றைத் தகடு. கீழ்மூடியைத் திறந்தார். அங்கும் ஒன்றுதான்.

"ஹமீதே! எட்டு தகடு வெச்சிருந்தேன்டா! மிச்சம் ஆறு எங்கடா?"

"அதா? அது எதுக்கு மச்சான்? கட்டை தேஞ்ச பழைய வண்டிக்குத்தான் தகடு சொருவுவோம், ஆடாம நிக்கறதுக்கு. நீங்கதான் புதுசு மாட்டிட்டீங்களே. புது மூட்டுக்குத் தகடு எதுக்குன்னு எடுத்துட்டேன்."

"எடுத்து?"

ஹமீது வானத்தைப் பார்த்தான். ஜாக்கி தூக்கியதில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்த உம்மு சல்மா முக்காட்டை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"அத்தா, மாமு வண்டிச் சக்கரத்துல புதுசா மினுமினுன்னு இன்னா கீது?"

பார்த்தால், மாட்டுவண்டியின் கடையாணிக்கு அடியில், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

"இத்தினி வருசமா கடகடன்னு ஆடிகினு இருந்துச்சு மச்சான். இன்னிக்குத்தான் சத்தமில்லாம..."

மீதி வார்த்தையை ஹமீது ஓடிக்கொண்டே சொன்னான். இறக்கப்பட்ட சீர் சாமான், கழற்றப்பட்ட வண்டிச் சக்கரம், பறந்த ஸ்பேனர் இவற்றைப் பற்றி விரித்துச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முக்கால் மணி நேரத்தில் தகடுகள் ஜீப்புக்குத் திரும்பின. ஸ்டீரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. வண்டியும் தன் பழைய கடகடாவோடு கிளம்பியது. சீருக்கு முன்னால் பெண் போய்ச் சேரக் கூடாதாம். ஒன்பது மைலும் காளைகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தார். ரேடியேட்டருக்கு முன்னால் அவர்தான் கொதித்தார்.

கால்வாயைத் தாண்டியதும் மாட்டுவண்டி அச்சுவரை மணலில் புதைந்தது. கிஃபாயத்துல்லாவின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு மலர்ச்சி. காளைகளை அவிழ்க்கச் சொன்னார். வண்டியை ஜீப்பின் பின்னால் கயிற்றால் கட்டினார். முன்சக்கரத்துக்கும் இழுப்பைக் கொடுத்தார். புது மூட்டுகள் முனகக்கூட இல்லை. ஜீப்பையும் வண்டியையும் சீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மணலில் வளைந்து வளைந்து ஏறின. டக் என்ற சத்தமே இல்லை. காளைகளைப் பிடித்துக்கொண்டு ஹமீது நடந்து வந்தான். அவன் வாயிலும் சத்தமில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். வரவேற்க ஒரு ஈ காக்கை இல்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தது. சற்றுப் பொறுத்து ஒரு கதவு திறந்து பதருன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"அல்லாவே, நீங்களா! இத்தினி நேரமாச்சே, ஜீப்பு நின்னுபோயி மாட்டு வண்டியிலதான் வருவீங்கன்னு இருந்தோம். ஜீப்பு சத்தம் கேட்டதும் அம்மை ஊசி குத்த கவருமெண்டு ஆளுங்க வந்துட்டாங்கன்னு புள்ளைங்கள எல்லாம் பரண்மேல ஏத்திட்டோம். நல்லவேள, பின்னாலயே ஹமீது பாய் வண்டி கடகடான்னு கேட்டுச்சோ, பொண்ணு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுது. அந்த வண்டி இல்லன்னா தொறந்திருக்கவே மாட்டோம்."

பெண்கள் ஜீப்புப் படியிலிருந்து வாசல்வரை பாய் விரித்தார்கள். உம்மு சல்மா இறங்கி நடந்தாள். வாசலில் திரும்பிக் காலைத் தூக்கி அப்பாவிடம் காட்டினாள். ஒரு பொட்டு மணல் இல்லை. அவர் கண்ணைத் துடைக்கப் போனார். கையில் கிரீஸ் இருந்தது.

ஹமீது மெல்லப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், நம்ம வண்டியாலதான் கதவே தொறந்துச்சு. கேட்டீங்களா?"

மறுநாள் உச்சிவேளையில் மலைக்குக் கழுகு வரவே இல்லை. ஊரார் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். சம்சாத் பேகம் மட்டும் வைக்கோல் போருக்குள் கிடந்த ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தாள்.