ஓரம் கடிபட்ட அஞ்சு ரூபா

காசு அடிக்கிற ஆலையில எப்பவாவது தப்பு நடக்கும். படம் நடுவுல விழாம ஓரத்துல விழுந்துடும், இல்லேன்னா ஒரு பக்கம் வெறுமையாவே வெளியில வந்துடும். அந்தத் தப்புக் காசுகளைத்தான் நான் சேர்க்கறேன். நல்ல காசை விட்டுட்டு கெட்ட காசைத் தேடற ஒரே பொம்பளை தஞ்சாவூர்லயே நீதான்னு என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். பண்ணட்டும். பத்து ரூபா காசு செல்லாதுன்னு எவனோ சொன்னதை நம்பி டப்பாவுல போட்டு மூடி வெச்ச மனுஷன்தானே.

செல்போன்ல, இந்தக் காசு இருந்தா லட்சம்னு வீடியோ வர ஆரம்பிச்சதுலேருந்து என் நிம்மதி போச்சு. தண்டவாளத்துல வெச்சு நசுக்கினது, அடுப்புல சுட்டது, சுத்தியால தட்டினது எல்லாம் என் வாசலுக்கு வருது. இது ஆலையில நடந்த தப்பு இல்லீங்க, உங்க வீட்டுல நடந்ததுன்னு சொல்லி அனுப்புவேன். அப்படிச் சொல்றதுல எனக்கு ஒரு குஷி, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

போன அறுவடை முடிஞ்ச கையோட நன்னிலத்துலேருந்து என் தம்பி போன் பண்ணினான். ஓரம் கடிபட்ட அஞ்சு ரூபா ஒண்ணு கிடைச்சிருக்காம், உடனே வந்து பார்க்கணுமாம். அவசரம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? பசுமாட்டை வித்தே ஆகணும்னு அவன் பொண்டாட்டி ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டிருந்தா. முட்டி வலியோட புல்லு அறுத்து, தண்ணி காட்டி, சாணி அள்றது அவதான். இவன் சாயங்காலமாப் போய் மாட்டுக் கழுத்தைச் சொறிஞ்சு விட்டுட்டு வருவான், அவ்வளவுதான். ஒரத்தநாட்டு வியாபாரி மறுநாள் வண்டியோட வர்றதாப் பேச்சு. காசை வித்தா மாட்டைப் பார்த்துக்க ஆளே வெச்சுடலாம்னு தம்பி புதுசா ஒரு திட்டம் போட்டிருந்தான்.

போனேன். ஜன்னலோரம் உக்காந்து லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். ஓரத்துல பிறை மாதிரி ஒரு துண்டு இல்ல. ஆலையில தகடு வெட்டும்போதே அது போயிருந்தா, அச்சு விழறப்போ அதுக்கு நேர் எதிர் விளிம்பும் சரியா எழும்பாது, மழுங்கியிருக்கும். இதுல எதிர் விளிம்பு ஜம்முனு நின்னுது. போதாக்குறைக்கு வெட்டுப்பட்ட இடத்துல சாய்ஞ்ச கீறல்கள், கருக்கரிவாளுக்குப் பல்லு வெட்டற அரத்தோட கீறல்.

தம்பியை நிமிர்ந்து பார்த்தேன். கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்தான். என்னடான்னு கேட்டா கதவிடுக்குல மாட்டிக்கிச்சாம். கண்ணாலேயே கெஞ்சினான், பாவி. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அசல்னு ஒரு வார்த்தை சொன்னா மாடு தங்கும். அப்புறம் இதை எவன்கிட்டயாவது விக்கப் போய் இவன் அசிங்கப்பட்டு நிப்பான், நானும் கூடச் சேர்ந்து நிக்கணும்.

அவன் பொண்டாட்டி ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. "என்ன அண்ணி, அசலா?"

"போலி"ன்னேன்.

தம்பி முகம் தொங்கிப் போச்சு. அவ அலட்டிக்கவே இல்ல.

"தெரியும் அண்ணி. கொட்டகைக்குப் பின்னால உக்காந்து இவரு ராவறப்பவே பார்த்துட்டேன். மாட்டை விக்க மனசில்லேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? காசைப் போட்டு ராவற அளவுக்கு நான் என்ன அந்நியமா?" கடைசி வார்த்தையில அவளுக்குக் குரல் உடைஞ்சுது.

தம்பி தரையைப் பார்த்துக்கிட்டே, "விக்க வேணாம்"னான்.

"சாணி?"

"நான் அள்றேன்."

"புல்லு?"

அதுக்கும் தலையாட்டினான். அவ போனை எடுத்து வியாபாரி நம்பரைப் போட்டு அவன் கையில கொடுத்தா.

"இப்ப வாயைத் திறந்து சொல்லுங்க"ன்னா.