பேசாலையில் நடக்காத கூட்டம்

மன்னாரிலிருந்து பேசாலைக்குப் பதினைந்து கிலோமீற்றர். பஸ்ஸில் இருபத்தைந்து ரூபாய். கட்சிகள் சனத்தை எப்படிப் பிரிக்கின்றன என்று கொழும்பில் படிப்பித்தே தலை நரைத்தவன் நான். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கப் போகிறார்கள் என்றதும் வீட்டில் இருக்க முடியவில்லை.

தொலைபேசியில் முன்பே பேசியிருந்த அந்தோனி பஸ் தரிப்பிடத்தில் காத்திருந்தார். கடற்றொழிலாளி, முதல் தடவையாக வேட்பாளர்.

"வாங்கோ சேர். பிரசாரத்துக்கு இண்டைக்குத்தான் கடைசி நாள். பின்னேரம் எங்கட கட்சித் தலைவர் வாறார். கூட்டம் நல்லாய் நடந்தால் நான் வெண்டமாதிரித்தான்" என்றார். வென்றால் ஊருக்கு ஒரு இறங்குதுறை கட்டுவிப்பது அவருடைய கனவு.

மதியம் திடலில் கதிரைகள் அடுக்கிக்கொண்டிருந்தபோது மாதா கோயிலில் துக்கமணி அடித்தது. எதிர்த்துப் போட்டியிடும் மரியதாசின் தாய் இறந்துவிட்டார். இந்த ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை வள்ளம் கடலில் இறங்காது, ஒலிபெருக்கியும் வாய் திறக்காது. அந்தோனி தானே ஏறி ஒலிபெருக்கிகளைக் கழற்றினார். தொலைபேசியில் கட்சிக்காரர் கத்தியது எனக்கே கேட்டது.

"ஊரில செத்தவீடு ஐயா. இண்டைக்கு ஏலாது."

"அப்ப அடுத்தமுறை உமக்குச் சீற் இல்லை!"

"ஊருக்கு வெளியே எங்காவது வைக்கலாமே, அந்தோனி?" என்றேன்.

"நானும் மரியதாசும் ஒரே கரைவலை இழுக்கிறனாங்கள் சேர். அவன்ர அம்மா பெட்டியில கிடக்க, நான் மைக்கில என்னெண்டு கத்துறது?"

திடலின் கதிரைகள் அப்படியே செத்தவீட்டுக்குப் போயின. மாலையில் சேமக்காலைவரை அந்தோனி பெட்டியின் முன்பக்கம் தோள்கொடுத்து நடந்தார். குழி மூடியதும் மரியதாஸ் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் கண் கலங்கியது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் கருவாட்டு வாசமும் உப்புக் காற்றும். எங்கள் பல்கலைக்கழகத்தில் பீடாதிபதித் தேர்தலில் மோதிக்கொண்ட இருவர் இன்றும் ஒரே லிப்டில் ஏறுவதில்லை. இரண்டு பேரும் ஜனநாயகம் படிப்பிக்கிறார்கள்.

முடிவு வந்த அன்று கொழும்பிலிருந்து அந்தோனியை அழைத்தேன்.

"தோத்திட்டன் சேர். சனம் பாவம் பார்த்து மரியதாசுக்குப் போட்டிட்டுது."

"கவலை இல்லையா?"

"இல்லாமல்? ராத்திரி நித்திரையே இல்லை." பிறகு சிரித்தார். "ஆரை நோகிறது சேர்? என்ர மனுசியே அவனுக்குத்தான் போட்டவா. தாயை இழந்தவன் இதிலயும் தோக்கவேணுமோ எண்டு என்னட்டயே கேக்கிறா."