கடைசியாகக் கூப்பிடப்பட்டவன்

முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பித்தப்பைக் கல்லை எடுப்பதற்காக ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்திருந்தேன். எனக்குப் பிறகு வந்த வேப்பூர்க்காரர் அறுவை அறைக்குள் போய்த் திரும்பிவிட்டார். அவருக்குப் பிறகு வந்த அம்மாளும் உள்ளே போய்விட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவனைக் கடைசியில்தான் அறுப்பார்கள். பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறேன். கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. எப்படி வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. ஊர் கேட்கும்.

இப்படி ஒதுக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. அதைப் பற்றிய அரசுச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டு மற்ற அலுவலகங்களுக்கு அனுப்பியவனே நான்தான். ஆனால் வரிசையாகக் கட்டில் போட்ட அறையில் உரிமையைக் கேட்டால் வியாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டத்தின் எல்லாப் பிரிவும் தெரிந்தவன் நாக்கு வறண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எதிர்வீட்டுக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். அவருடைய பட்டா மனு முதல் எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. தினமும் காலை டீ எங்கள் வீட்டில்தான்.

“என்னா சார், இன்னும் கூப்புடலையா?”

“கூப்பிடுவாங்க.”

“பின்னாடி வந்தவங்கல்லாம் தையல் போட்டுக்கினு வந்துட்டாங்க. ஊருக்கே மனு எழுதுறவரு, ஒங்களுக்குன்னா வாயத் தொறக்க மாட்டேங்குறீங்களே!”

“வேணாங்க. உக்காருங்க.”

“சும்மா இருங்க சார். இதக்கூட நான் கேக்கலன்னா அப்புறம் என்னா மனுசன்?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அறைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: “காரணத்தச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் போவ மாட்டேன்!”

பிறகு குரல் கேட்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

திரும்பி வந்தவர் கட்டிலில் உட்காரவில்லை. “கடைசியா கூப்புடுவாங்களாம் சார்,” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “போயிட்டு வரேன்.” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

அறுவை நல்லபடியாகவே முடிந்தது. நோயாளியின் ரகசியத்தை வெளியில் சொன்ன டாக்டர் மீது யாரிடம் எப்படிப் புகார் கொடுப்பது என்பதும் எனக்குத் தெரியும். சாட்சி வேண்டும். இருக்கிற ஒரே சாட்சி இப்போது டீ குடிக்க வருவதில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகிறேன். இன்று அவர் யார் வீட்டுப் பக்கம் நடக்கிறார் என்று பார்க்கிறேன்.