சிவப்பு நூல் காணாமல் போன பந்து

ஒரு பேஸ்பால் பந்தின் தோலைப் பிடித்து வைத்திருப்பவை நூற்றெட்டு ஜோடிச் சிவப்புத் தையல்கள். 1993 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை காலை, அம்பயர் அனிசெட்டோ வெலாஸ்கோவின் உள்ளங்கையில் இருந்த பந்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

"எவன்டா இந்த மொட்டப் பந்தக் கொண்டாந்தது?" என்று கேட்க வாயெடுத்தவர், நல்லவேளை, கேட்கவில்லை. காலடியில் குந்தியிருந்த ரிகோ அதே பந்தை வாங்கி, கட்டைவிரலால் தையலை வருடிச் சரிபார்த்து, வீச்சாளனுக்கு எறிந்தான். நூல் பந்தில் பத்திரமாக இருக்கிறது. போனது தன் கண்ணில்தான் என்று அனிசெட்டோவுக்கு உறைத்தது.

மூன்று வாரமாகவே இப்படி. யாரையாவது நேராகப் பார்த்தால் முகத்தின் நடுவில் ஒரு புகை. காது தெரியும், தோள் தெரியும், மூக்கு தெரியாது. புகையிலை உலர்த்தும் கொட்டகையில் வேலை, தூசி விழுந்திருக்கும் என்று இருந்தார். மனைவி மிக்டாலியாவிடம்கூட மூச்சு விடவில்லை. மே 16-இல் இறுதி ஆட்டம். அவர் ஊரான சான் ஹுவானும் பக்கத்து ஊர் சான் லூயிஸும் மோதப்போகின்றன என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதில் அடிப்பவனுக்குப் பின்னால் நிற்கப் பதினோரு வருடமாகக் காத்திருக்கிறார். கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை கசிந்தால் போதும், கமிட்டி வேறு ஆளைப் போட்டுவிடும்.

ஆகவே காதை நம்பினார். நேராக வந்த பந்து கையுறையின் நடுவில் விழுந்து 'டப்'பென்று வெடிக்கும். அது ஸ்ட்ரைக், அடிப்பவனுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. விலகி வந்தது என்றால் எட்டிப் பிடிக்கவேண்டும், சத்தம் சப்பென்று இருக்கும். இரண்டு ஞாயிறு இந்த வித்தை ஓடியது. மூன்றாவது ஞாயிறான அந்த 21-ஆம் தேதி, சான் லூயிஸுடன் நடந்த ஆட்டத்தில், ரிகோ கண்டுபிடித்துவிட்டான். சான் ஹுவான் அணியில் வீச்சைப் பிடிப்பவன். மற்ற நாட்களில் சைக்கிள் ரிப்பேர். எதில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன். விலகி வந்த பந்தைக்கூடக் கையுறையை முன்னால் குத்தி வெடிக்கவைத்தான்.

டப்! "ஸ்ட்ரைக்!"

"யோவ் அனிசெட்டோ! கண்ணக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுட்டு வந்தியா?"

மூன்றாவது பேஸ் பக்கத்து மரப்படிகளிலிருந்து வந்த குரல் அது. டாக்டர் ஒதாலிஸ் கொர்தேரோ. அனிசெட்டோவின் தெருவுக்கு அவர்தான் டாக்டர். பிறந்தது சான் லூயிஸில் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எதிரி. பானை மூடியும் கரண்டியுமாக வருவார். அந்த மைதானத்தில் அவரை விடச் சத்தமாகத் திட்டத் தெரிந்தவர்கள் கிடையாது.

ஐந்தாவது சுற்று. இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, மூன்றாவது விழுந்தால் அவுட். சான் லூயிஸின் சிறந்த அடிகாரன் நிற்கிறான். பந்து ஒரு முழம் தள்ளி வந்தது. ரிகோ பாய்ந்து பிடித்துக் குத்தினான். டப்!

"ஸ்ட்ரைக்! அவுட்!"

மட்டை பறந்தது. இரண்டாயிரம் பேர் எழுந்தார்கள். "குருடன்! குருடன்!" மரப்படி அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் அனிசெட்டோ ஒரே ஒரு சத்தத்தைத் தேடினார். பானை மூடியைக் காணோம்.

ஒதாலிஸ் கரண்டியைக் கீழே வைத்திருந்தார். தானியத்தைப் பார்க்கும் கோழிபோல அம்பயர் பந்துக்குத் தலையைச் சாய்ப்பதைக் கவனித்துவிட்டார். அந்த வாரம் அவரிடம் வந்த ஆறு பேர் அப்படியே சாய்த்துப் பார்த்தார்கள். ஆறு பேரும் 'நடுவுல புகை' என்றார்கள். வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தார்.

"அண்ணே, என் தொப்பி என்ன கலரு?"

"இதக் கேக்கவா ஆட்டத்த நிறுத்துனே? பழுப்பு."

நெருப்புச் சிவப்பு அது. ரிகோ முகமூடியைக் கழற்றினான். கையுறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஓரத்துப் பெஞ்சிலேயே விசாரணை நடந்தது.

"காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"சர்க்கரைத் தண்ணி."

"மத்தியானம்?"

"சோறு. ராத்திரிக்குச் சர்க்கரைத் தண்ணி. கடையில வேற என்ன கிடைக்குது?"

"ரேஷன் முட்டை?"

"புள்ளைங்களுக்கு."

"சைக்கிள் எவ்வளவு மிதிக்கிறீங்க?"

"போக வர முப்பது கிலோமீட்டர். பஸ்தான் ஓடலையே."

"சுருட்டு?"

"இந்த ஊர்ல பொறந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"அண்ணே, சர்க்கரைய எரிக்க உடம்புக்கு பி வைட்டமினு வேணும். நீங்க சர்க்கரைய ஊத்துறீங்க, மிதிச்சு மிதிச்சு எரிக்கிறீங்க, உள்ள இருந்த கொஞ்ச நஞ்சமும் காலி. கண் நரம்புதான் மொதல்ல பட்டினி கிடக்குது. போதாததுக்குச் சுருட்டு வேற."

"அப்ப குருடாயிடுவேனா?"

"இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சா மாட்டீங்க. இன்னும் நாலு மாசம் மறைச்சிருந்தீங்கன்னா, நான் இத்தனை வருஷம் கத்துனது பலிச்சிருக்கும்."

அன்று சாயங்காலமே முதல் ஊசி. சுருட்டுப் பெட்டி அடுத்த வீட்டுக்குப் போனது. சாப்பாட்டு நேரத்தில் மிக்டாலியா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "முழுங்குயா. அந்த முட்டையில பாதி புள்ளைங்க தட்டுக்குத் தாவுறதை நான் பார்க்கலைன்னு நினைச்சியா?" ரிகோ முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு, ஒருநாள் புகையிலை இலையில் பன்றி ஈரலைப் பொதிந்து வாசலில் வைத்துவிட்டு ஓடினான். மறுநாளிலிருந்து தினமும் காலையில் வந்து, அனிசெட்டோவைத் தன் சைக்கிளில் உட்காரவைத்துக் கொட்டகைக்கு மிதித்தான்.

இதே புகை நாடு முழுக்கப் பரவியிருந்ததால், பிறகு அரசாங்கமே வைட்டமின் மாத்திரையை வீடுவீடாகக் கொடுக்க ஆரம்பித்தது. நாடு முழுக்க, ஆளுக்கு ஒன்று. ஊரே பளிச்சென்ற மஞ்சளில் மூத்திரம் போனது. "வெளுத்துப்போன மஞ்ச ஜெர்சிய இதுல நனைச்சு எடுத்தா புது ஜெர்சி மாதிரி ஆயிடும்ணே" என்றான் ரிகோ.

அந்த மொட்டைப் பந்தை அனிசெட்டோ கதவோரம் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். எழுந்ததும் அதன்முன் போய் நிற்பார். மார்ச் கடைசியில் ஒரு காலை, வெள்ளைத் தோலில் ரோஜா நிறத்தில் ஒரு கீறல்!

"மிக்டாலியா! ஓடி வா! தையலு!"

அவர் மாவுக் கையோடு ஓடி வந்தார். ஏப்ரலில் நாற்பது எண்ண முடிந்தது. அப்புறம் எழுபத்தொன்று. தெருவில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

மே 15-ஆம் தேதி கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஊர் பேசியபடியே அந்த இரண்டு அணிகள்தான் இறுதிக்கு வந்திருந்தன. "என்ன அனிசெட்டோ, நாளைக்கு நிக்கிறியா? உன் இடத்தக் காலியாத்தான் வச்சிருக்கோம்."

பதினோரு வருடம். ஆம் என்று ஒரு சொல் போதும். அனிசெட்டோ ஆணியிலிருந்து பந்தை எடுத்து மெதுவாகச் சுற்றினார்.

"தொண்ணூத்தாறுதான் வருது. பன்னெண்டு பாக்கி. என்னைய மூணாவது பேஸ் அம்பயரா போடுங்க. ஓடி வர்ற ஆளு நல்லாத் தெரியுது."

இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று, சான் லூயிஸ் ஒரு ஓட்டம் முன்னால், இன்னும் ஒரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். சான் ஹுவானுக்கு ஒரே நம்பிக்கை இரண்டாவது பேஸில் நிற்கும் ரிகோ. பந்து பறந்தது, ரிகோ மூன்றாவது பேஸுக்கு ஓடினான், தரையோடு சறுக்கினான். புழுதி, ஷூ, கையுறை எல்லாம் ஒரே சுருளாய் அனிசெட்டோவின் காலடிக்கு வந்து நின்றது. மைதானமே வாயைப் பிளந்தது.

"அவுட்!"

ஆட்டம் முடிந்தது. சொந்த ஊரே எழுந்து திட்டியது. ரிகோ படுத்தபடியே கேட்டான்: "அண்ணே, தெரிஞ்சுதா?"

"பேஸுக்கும் உன் ஷூவுக்கும் நடுவுல நாலு விரல் இருந்துச்சு. ஒரு லேஸு வெள்ளை, இன்னொண்ணு சிவப்பு."

ரிகோ குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். பிறகு புழுதியிலேயே புரண்டு சிரித்தான்.

அடுத்த பருவம் நவம்பர் 14-இல் தொடங்கியது. அனிசெட்டோ வெலாஸ்கோ அடிப்பவனுக்குப் பின்னால் நின்றார். மூன்றாவது வீச்சுக்கே பானை மூடி அலறியது. டாக்டர் ஒதாலிஸ் அவரைக் குருடன் என்றார்.