பெருவிரலில் சுற்றிய துணி

மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்றாவிட்டால் என் மகளுக்கு உதடு வெளுத்துவிடும். பெரியாஸ்பத்திரியில் இலவசம்தான். முன்பெல்லாம் சீட்டைக் காட்டினால் போதும். போன வருடம் புது முறை வந்தது. காப்பீட்டு அட்டையோடு மிஷினில் விரலும் வைக்க வேண்டும். பிள்ளை சின்னது, அதனால் தாயின் ரேகை. இதை யோசித்த மகராசன் ஒருநாள் நாரணாபுரத்துக்கு வந்து, பட்டாசு செய்யும் எங்கள் கைகளைப் பார்த்திருக்கலாம்.

முதல் தடவை, பட்டாசுத் தூள் ஒட்டிய கையை நீட்ட வெட்கப்பட்டு, சாம்பலும் தேங்காய் நாருமாகப் பரபரவென்று தேய்த்துக் கழுவிவிட்டுப் போனேன். என்னைப் போல் புத்திசாலி உண்டா! ரசாயனம் அரித்தது போக மிச்சமிருந்த ரேகையும் அதோடு போயிற்று. ஒவ்வொரு விரலாக வைத்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“என்னம்மா, விரல்ல ஒண்ணுமே இல்லையே?” என்றார் கவுண்டர்காரர்.

“பட்டாசு வேலை சார். பிள்ளையக் கொஞ்சம் பாருங்க சார்.”

“நான் என்ன செய்ய? கண்ணப் பாக்குற மிஷினும் ரிப்பேரு. பச்சை எரிஞ்சாத்தான் உள்ள விட முடியும்.”

மகள் தோளில் துவண்டு கிடந்தாள். பின்னால் நின்ற ஓர் அக்கா, “ஏத்தா, விரலத் தலையில தேச்சுட்டு வையி. எண்ணெப் பசைக்குப் பிடிக்கும்” என்றாள். தேய்த்துத் தேய்த்து வைத்தேன். கடைசியில் வலது பெருவிரலுக்குப் பச்சை எரிந்தது.

அப்புறம் ஆர்டர் இல்லை என்று கம்பெனியைப் பூட்டினார்கள். மூன்று வேளையும் ரேஷன் அரிசிக் கஞ்சி. ஆனால் கூத்தைப் பாருங்கள், சும்மா கிடந்த கையில் ரேகை திரும்பி வந்தது. வைத்தவுடனே பச்சை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போன வாரம் போர்மேன் வாசலில் வந்து நின்றார். “சீசன் ஆர்டர் வந்துருச்சு. நாளைக்கு வேன் வரும், ஏறிருங்க.”

“என்ன யோசிக்கே? உலை வைக்க வேண்டாமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

ஊரில் எல்லோருக்கும் வெடிவிபத்துப் பயம். எனக்கு அது இரண்டாவது பயம்.

போகிறேன். வேறு வழி? வலது பெருவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மற்ற விரல்களால் திரி செருகுகிறேன். காயமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் எவர்சில்வர் தட்டைத் துடைத்து, பெருவிரலை அழுத்திப் பார்க்கிறேன். இன்று நடுவில் கோடுகள் பதியவில்லை. வியாழக்கிழமை மகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும்.