கால்வாசி கழித்துச் சொன்ன வாடகை

கண்ணாடியக்காவின் பிறந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் உண்மை விலை சொல்லும் வழக்கம் கிடையாது. ஒரு போர்வை வாங்கி வந்தால் அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவுக்கு வாங்கினே?" என்பாள். கொடுத்த விலையை அப்படியே சொன்னால் தொலைந்தது. "நல்லா உன் தலையில மிளகா அரைச்சிருக்கான்" என்று ஆரம்பித்து, அந்தப் போர்வை கிழிகிற வரைக்கும் பேச்சு ஓயாது. அதனால் அக்காவும் தங்கையும் பாவாடை கட்டிய வயதிலேயே ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். கொடுத்ததில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் வெளியே சொல்ல வேண்டும். கேட்கிறவர்களும் அதே வீட்டு ஆட்கள் என்பதால் மனசுக்குள் கால்வாசியைக் கூட்டிக்கொள்வார்கள். யாரும் ஏமாறவில்லை, எல்லாருக்கும் கௌரவம் மிச்சம். துணிமணி, பாத்திரம் பண்டம் என்று இருந்தவரை இதில் ஒரு வம்பும் வரவில்லை.

வம்பு வீட்டு வாடகையில் வந்தது.

கண்ணாடியக்கா என்பது தெருவில் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. கண்ணின் பாப்பா எங்கே விழுகிறதோ அங்கே லென்ஸில் புள்ளி வைத்து, மெஷினில் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். ஒரு சுற்று கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் சின்னதாகி ஃபிரேமிலிருந்து உதிர்ந்துவிடும். தேய்ந்ததைத் திரும்பப் பெரிதாக்க வழியில்லை. அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவள் சொந்தத் தங்கச்சி பேச்சில் போய் ஏமாந்தாள் என்றால், என்னத்தைச் சொல்ல?

அவள் வீட்டுக்காரர் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். தெருவில் அவருக்கு ஐஸ்காரர் என்று பெயர். கிடங்கு அந்தப் பெரிய நகரத்தின் ஒரு கோடியில், வீடு மறு கோடியில். கிடங்குப் பக்கம் குடியிருக்க வாடகை கட்டாது, வீட்டுப் பக்கம் அவருக்கு வேலை கிடையாது. இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவார். மகள் எழுந்திருக்கும் முன் கிளம்பினால், அவள் தூங்கின பிறகுதான் திரும்புவார். வாரத்தில் ஆறு நாள் அவருக்கு மகள் என்பது போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஓர் உருவம். சாப்பிட உட்காரும்போது கண்ணாடியக்கா அன்றைய சேதியெல்லாம் சொல்வாள். குட்டி இன்று யாரோடு சண்டை போட்டாள், டீச்சர் என்ன சொன்னார், எதற்கு அழுதாள். "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே அவர் கை தட்டிலேயே நின்றுபோகும்.

ஒரு சம்பள நாளில் அவர் ஆசையாக மகளுக்கு ஷூ வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுப் பார்த்தால், பாதி கால்கூட உள்ளே போகவில்லை.

"கால் வளந்ததை நீ ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"ஏங்க, கால் வளர்றதையுமா நான் உங்ககிட்ட வந்து ஒப்பிக்கணும்?"

அவர் ஷூவைத் திரும்ப டப்பாவில் வைத்தார். மூடியைச் சரியாகப் பொருத்த அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. இந்த ஊர் நமக்கு ஆகாது, எப்படியாவது இந்த மனுஷன் குழந்தை விழித்திருக்கும்போது வீட்டுக்கு வர வேண்டும் என்று அப்போதுதான் அவள் முடிவு கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி துறைமுக நகரத்தில் இன்னொரு கடை திறந்தார். "அங்கே போய்ப் பார்த்துக்கிறீங்களாம்மா? சம்பளமும் கூட்டித் தர்றேன்" என்றார். துறைமுக நகரத்தில்தான் அவள் தங்கை இருக்கிறாள். எல்லாரும் அவளைச் சின்னவள் என்பார்கள். சலவைக்கடையில் இஸ்திரி மெஷின் பார்ப்பவள், அவள் புருஷன் துறைமுகத்தில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுபவர். கண்ணாடியக்கா உடனே அவளுக்குப் போன் போட்டாள்.

"வாடகையா? இங்கெல்லாம் ஒண்ணும் பெரிசா இல்லக்கா" என்று சின்னவள் ஒரு தொகை சொன்னாள். "கடல் காத்து வேற. ஜன்னலைத் திறந்தா ஃபேனே வேண்டாம். வேலைக்கு நடந்தே போயிடுவேன். தண்ணி இருபத்திநாலு மணி நேரமும் வரும். உங்க ஊர்ல எப்படி?"

உங்க ஊர்ல எப்படி என்று கேட்டதும் கண்ணாடியக்காவின் வாய் தானாகவே வேலையைக் காட்டியது. கொடுக்கிற வாடகையில் கால்வாசியைக் கழித்துச் சொன்னாள். பஸ்ஸெல்லாம் காலியாக வரும், ஐஸ்காரருக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும் என்று ஒரு போடு போட்டாள். தான் சொல்வது புளுகு என்று தெரிந்தவளுக்கு, அடுத்தவள் சொல்வதும் அதே ரகமாக இருக்கும் என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. போர்வை விலையில் கழிப்பார்கள், வாடகையில் போய் எவளாவது கழிப்பாளா என்பது அவள் எண்ணம்.

முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டாள். அவர் மறுநாளே அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டு, கிளம்புகிறவரை அவளுக்கு வேலை பழக்கச் சொன்னார். ஐஸ்காரருக்கும் அங்கே ஒரு கிடங்கில் வேலை உறுதியானது. வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி மீதி ஒன்றே ஒன்றுதான். நீ சொன்ன அதே வாடகையில், கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடு என்று சின்னவளிடம் கேட்டாள்.

அங்கே ஆரம்பித்தது மழுப்பல். இன்று போன் போட்டால் தலைவலி, நாளைக்குப் போட்டால் தரகர் ஊரில் இல்லை. "பாத்துட்டே இருக்கேன்க்கா", "மழையா இருக்குக்கா", "இதோ கஸ்டமர் வந்துட்டாங்கக்கா, வச்சிடறேன்." இந்த எரிச்சலில் கண்ணாடியக்கா ஒரு நாள் கடையில் ஒரு சுற்று கூடுதலாகத் தேய்த்து, ஒரு வாத்தியாரின் லென்ஸைப் பாழாக்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் கையால் பாழான முதல் லென்ஸ். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அடுத்த லீவில் குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறினாள்.

விலாசத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தால், அது ஒரு டயர்க்கடையின் பின்பக்கம். ஒரே அறை. கடல் காத்து வரும் என்ற ஜன்னல் எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டு, ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தது. அந்த ஒரு சாண் வழியாகவும் ரப்பர் நாற்றம் வந்தது. அறைக்குள் கட்டிய மூட்டைகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் சின்னவள் தரையில் உட்கார்ந்து, பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கடி கிளம்பிட்டே?"

சின்னவள் குனிந்த தலை நிமிரவில்லை. "உங்க ஊருக்குத்தான்."

"என்னது?"

"நீதானேக்கா சொன்னே, வாடகை கம்மி, பஸ்ல உக்காந்தே போகலாம்னு. இவரும் அங்க ஒரு வேலை தேடிப் பிடிச்சிட்டாரு. நீங்க காலி பண்ற வீட்டை எங்களுக்குப் பேசி விடுன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"அப்ப நான் இங்க வர்றேன்னு சொன்னப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? இத்தனை வருஷமா இந்த ஊரைத் தலைல தூக்கி வச்சிட்டு ஆடினேன். இப்ப இங்கேருந்து தப்பிச்சு ஓடறேன்னு சொன்னா நீ சிரிப்பே."

கண்ணாடியக்கா தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் தங்கச்சியை நாலு அறை அறையலாம் போலிருந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அறைவது? "நெஜ வாடகை என்னன்னு சொல்லித் தொலை" என்றாள்.

சின்னவள் சொன்னாள். கேட்டு முடித்த பிறகு இவளும் தன்னுடையதைச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முதல் உண்மை விலை அதுதான். இரண்டு ஊர் வாடகைக்கும் நடுவில் ஒரு பை காய்கறி வாங்கும் அளவு வித்தியாசம்கூட இல்லை. வேலைக்கு நடந்தே போவதாகச் சொன்னாளே, அதுவும் பஸ்ஸிலிருந்து இறங்கின பிறகு கடைவரைக்கும் நடக்கிற நடைதானாம். தண்ணீர் மட்டும் நிஜமாகவே நாள் முழுக்க வந்தது, குழாய் இருந்தது தெருவில்.

"இந்தத் தொல்லைக்குத்தானாடி அங்கே எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்து நிக்கறேன்?" என்று கண்ணாடியக்கா கத்தினாள். "என் இடத்துல வேற பொண்ணு உக்காந்தாச்சு. வீட்டுக்கு வேற ஆளும் வந்து பாத்துட்டுப் போயாச்சு. அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? குழந்தையோட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்னுதானே அவர் இவ்வளவுக்கும் தலையாட்டினாரு." சொல்லச் சொல்ல அழுதுவிட்டாள். சின்னவளும் அழ ஆரம்பித்தாள். டயர்க்கடைப் பையன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அழுது முடித்துவிட்டு இரண்டு பேரும் டீ குடித்தார்கள். பிறகு தரகரைத் தேடிப் போனார்கள். ஒரு குடும்பத்துக்குக் கட்டாத வாடகை இரண்டு குடும்பத்துக்குக் கட்டும். கிடங்கை ஒட்டிய தெருவில் ஒரு மாடி கிடைத்தது, இரண்டு அறை, ஒரு சமையலறை. பள்ளிக்கூடமும் பக்கம். சின்னவள் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே அங்கே கொண்டுபோய் இறக்கினாள். அவள் புருஷன் துறைமுக வேலையை இன்னும் விடாததால் அதுவும் தப்பித்தது. அவர் மட்டும், "நான் ஒருத்தன் இருக்கேன், என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று ரெண்டு நாள் முணுமுணுத்தார்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. முதலாளியின் புதுக் கடை ஊரின் மறு கோடியில். இரண்டு பஸ். கண்ணாடியக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. முன்பணம் கொடுக்கும்போதே தெரியும். "எனக்கென்ன, நான் சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

குடி வந்த முதல் மாதம் குளியலறைச் சண்டையிலேயே போயிற்று. யார் முதலில், யார் வாளியை நிரப்பவில்லை, யார் சோப்பைத் தண்ணீரில் ஊற வைத்தது என்று தினம் ஒரு பஞ்சாயத்து. இதில் சின்னவள், வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்த மாடியின் வாடகையையும் குறைத்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியக்காவுக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் ஒரு நாள், பஸ் கிடைக்காமல், நின்று நின்று கால் கடுத்து அவள் வீடு வந்து சேர்ந்தபோது குட்டி தூங்கிவிட்டிருந்தாள். ஐஸ்காரர் தட்டை எடுத்து வைத்து எதிரில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"இன்னிக்கு என்னாச்சு தெரியுமா? குட்டிக்கு முன்பல் ஆடுது."

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "எந்தப் பல்லு?"

"கீழே இடது பக்கம். நேத்துலேருந்தே ஆடுதாம். யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்கா, எனக்கு மட்டும்தான் காட்டினா. நாக்கால தள்ளித் தள்ளிக் காட்டறா, பாக்கணுமே நீ. ஸ்கூல்ல பக்கத்துல உக்கார்ற பொண்ணுக்கு ரெண்டு பல்லு விழுந்துடுச்சாம், அதுல இவளுக்குப் பொறாமை வேற."

இத்தனையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒன்றாக வந்தபோது எதைக் காட்டுவது என்று தெரியாமல், "அப்படியா" என்றாள். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய், தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டு, வாய் கொஞ்சம் திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.